இரு அமைச்சகங்களுக்கு இடையே தொலைந்துபோகும் கிராமத்து இளைஞர்

ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம், கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்தைக் கண்காணிக்கும் தொழில்நுட்ப உதவி அமைப்புகளுள் ஒன்றாகப் பணியாற்றி வந்திருக்கிறது. அதே நகரில்தான் தெலங்கானா மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் இயங்குகிறது. முன்னது தில்லியில் ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பின்னது சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டுதலில் நடப்பது. இரண்டின் கவனத்துக்கும் உரியவர்களுள் முக்கியமானவர் ஒருவரே. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, வேலை தேடிக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் இளைஞர்தான் அவர்.

இந்த இளைஞரை இரு அமைச்சகங்களும் எப்படிப் பார்க்கின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கோப்பில் அவர் 'பயனாளி'. அவருக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ பயிற்சி அளித்து, நகரத்தில் ஒரு வேலையில் அமர்த்தினால் திட்டம் வெற்றி. நாகோவின் வகைப்பாட்டில், வேலைக்காக இடம்பெயரும் தொழிலாளர்களும் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களும், எச்.ஐ.வி. தொற்று அதிகம் உள்ள பிரிவினருக்கும் பொதுமக்களுக்கும் இடையே பாலமாக அமையக்கூடிய மக்கள்தொகை. அதாவது, ஓர் அமைச்சகத்தின் வெற்றிக் கணக்கில் வரவு வைக்கப்படும் அதே பயணம், மற்றோர் அமைச்சகத்தின் பட்டியலில் இடர்ப்பாடாகக் குறிக்கப்படுகிறது. இரு கோப்புகளும் சந்திப்பதில்லை.

வாழ்வாதாரப் பயிற்சியையும் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கல்வியையும் ஒரே வகுப்பறையில், ஒரே பாடத்திட்டத்தில் இணைக்க வேண்டும் என்ற யோசனையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. இது புதிய திட்டத்துக்கான கோரிக்கை அல்ல. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இரண்டை, இளைஞர் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பாகவே சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான்.

ஒரே ஆண்டில் இரு முயற்சிகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாடு, ஆந்திரம், மகாராஷ்டிரம், கர்நாடகம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய ஆறு மாநிலங்கள் தொற்று அதிகமுள்ளவையாக அடையாளம் காணப்பட்டன. மத்திய அரசு 2004 ஏப்ரல் 1-ல் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோதும் இந்த மாநிலங்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது. அப்போது ஹைதராபாதைத் தலைநகராகக் கொண்டிருந்த ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு, 2005-ல் 'ஆஷா' என்ற பெயரில் மாநிலம் தழுவிய எய்ட்ஸ் விழிப்புணர்வு இயக்கத்தை நடத்தியது.

அதே 2005-ல்தான் அம்மாநில ஊரக வளர்ச்சித் துறை, கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கு வேலை பெற்றுத் தருவதற்கென்றே வேலைவாய்ப்பு உருவாக்கம் மற்றும் சந்தைப்படுத்தும் இயக்கம் என்ற அமைப்பைத் தொடங்கியது. பாதுகாவலர் பணி, சில்லறை விற்பனை, ஆயத்த ஆடை, கட்டுமானம் எனச் சந்தையில் தேவை உள்ள தொழில்களில் குறுகிய காலப் பயிற்சி அளித்து நிறுவனங்களில் சேர்ப்பது அதன் பணி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஹைதராபாதைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் அறக்கட்டளை 'லாப்ஸ்' என்ற மூன்று மாதப் பயிற்சி முறையை உருவாக்கியிருந்தது. தொழில்திறனுடன் ஆங்கிலப் பேச்சு, கணினி அறிமுகம், வாழ்க்கைத் திறன் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தது அதன் சிறப்பு. 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தீனதயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனாவுக்கு ஹைதராபாதின் இந்த அனுபவங்கள் முன்னோடிகளுள் அடங்கும்.

ஆனால், நாடு தழுவிய அளவுக்கு விரிந்தபோது இந்த முன்னோடிகளின் ஒரு பாதி மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்தத் தொழிலில் வேலை கிடைக்கும் என்ற ஆய்வு நடந்தது. வேலை கிடைத்த பின் பத்தொன்பது வயதில், முதன்முறையாகக் கையில் சம்பளத்துடன், குடும்பத்தின் கண்காணிப்பும் துணையும் இல்லாத ஊரில் அந்த இளைஞர் எப்படி வாழப்போகிறார் என்ற கேள்வி 'மென்திறன்' என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்கிப்போனது.

குறைந்தது எண்ணிக்கை மட்டுமல்ல

எச்.ஐ.வி. பற்றி இப்போது பேசுவதே காலங்கடந்தது என்று கருதுவோர் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 2006-ல் இந்தியாவில் 57 லட்சம் பேருக்குத் தொற்று இருப்பதாக மதிப்பிடப்பட்டது. விரிவான ஆய்வுகளுக்குப் பிறகு 2007-ல் அந்த எண்ணிக்கை சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. அன்று முதலே பொதுமக்களின் கவனமும் பாதியாகக் குறையத் தொடங்கிவிட்டது.

அரசின் மதிப்பீட்டின்படி 2023-ல் நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் 25.44 லட்சம் பேர். அந்த ஓராண்டில் மட்டும் புதிதாகத் தொற்றுக்கு உள்ளானவர்கள் சுமார் 68 ஆயிரம் பேர். 2010-உடன் ஒப்பிட்டால் புதிய தொற்று 44 சதவீதம் குறைந்திருக்கிறது. உலக அளவிலான குறைவு 39 சதவீதம்தான். இது பாராட்டத்தக்க சாதனை. ஆனால் மாநிலவாரியாகப் பார்த்தால் படம் மாறுகிறது. 2021 மதிப்பீட்டில் 15 முதல் 49 வயதுள்ளோரிடையே தொற்றின் தேசிய அளவு 0.21 சதவீதமாக இருந்தபோது, ஆந்திரத்தில் அது 0.67 சதவீதம், தெலங்கானாவில் 0.47 சதவீதம். 2014-ல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. பிரச்னையும் இரண்டு மாநிலங்களுக்கும் பங்கிடப்பட்டதே தவிர, தீர்ந்துவிடவில்லை.

இதைவிடக் கவலைக்குரியது அறிவு நிலை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், எச்.ஐ.வி. பற்றிய முழுமையான புரிதல் உள்ளவர்கள் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம் மட்டுமே. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் ஆண்களின் விகிதம் 32.3 சதவீதமாக இருந்தது. முழுமையான புரிதல் என்பது மருத்துவப் படிப்பல்ல. ஆணுறை பாதுகாப்பளிக்கும், தொற்றில்லாத ஒரே துணையுடன் வாழ்வது பாதுகாப்பானது, ஆரோக்கியமாகத் தோன்றுபவருக்கும் தொற்று இருக்கலாம், கொசுக்கடியாலோ சேர்ந்து உண்பதாலோ தொற்று பரவாது என்பன போன்ற அடிப்படைச் செய்திகளே. இருபது ஆண்டுகால விளம்பரங்களுக்கும், 2007 டிசம்பரில் தில்லியிலிருந்து புறப்பட்ட செஞ்சுருள் விரைவு ரயிலின் பயணங்களுக்கும் பிறகு, பெண்களில் ஐந்தில் ஒருவரிடமே இவை முழுமையாகச் சேர்ந்திருக்கின்றன.

பள்ளியைத் தாண்டிப் போன பாடம்

இந்தக் கல்வி பள்ளியிலேயே கிடைத்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் நாகோவும் 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்து தடைகள் விதிக்கப்பட்டன. விவகாரம் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு வந்தது. எம். வெங்கய்ய நாயுடு தலைமையிலான அக்குழு 2009-ல் அளித்த அறிக்கையில், அத்திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் ஏற்கவில்லை. எச்.ஐ.வி. தொடர்பான பாடத்தை மேல்நிலை வகுப்பின் உயிரியல் பாடநூலில் சேர்க்கலாம் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

அப்பரிந்துரையின் பண்பாட்டு நியாயங்கள் குறித்து இரு தரப்பிலும் வாதிடலாம். நடைமுறையில் அதன் பொருள் என்ன என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பத்தாம் வகுப்புக்கு முன்போ, அதனுடனோ படிப்பை முடித்துக்கொண்டவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. மேல்நிலையில் உயிரியல் எடுக்காதவருக்கும் கிடைக்காது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் உண்டு. ஆனால் கல்லூரி வாசலை மிதித்தவருக்குத்தான் அவை. பாலமூரு என்று அழைக்கப்படும் மகபூப்நகர் பகுதியிலிருந்து தலைமுறைகளாகக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மூன்று வாசல்களுக்கும் வெளியே நிற்பவர்கள்.

அவர்களை அரசு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரக்கணக்கில் சந்திக்கும் அரிய இடங்களுள் ஒன்று தொழிற்பயிற்சி மையம். 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் அங்கு வருகிறார்கள். பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தபட்ச மூன்று மாதப் பயிற்சி 576 மணி நேரம். அதில் மென்திறன், ஆங்கிலம், கணினி ஆகியவற்றுக்கு 160 மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. இந்த 160 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 16 மணி நேரத்தை, உடல்நலத்துக்கும் உரிமைக்கும் ஒதுக்குவது தொழில்திறனைப் பாதிக்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

பிழைப்பும் அறிவும்

தனியாக ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தெரிந்ததைச் செய்வதற்கு ஓரளவு பொருளாதாரச் சுதந்திரம் வேண்டும். கணவனிடமோ, வேலைக்கு அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரரிடமோ முழுமையாகச் சார்ந்திருக்கும் இளம்பெண்ணுக்கு, "மறுக்க உனக்கு உரிமை உண்டு" என்று சொல்லிக்கொடுப்பதால் மட்டும் மறுக்கும் வலிமை வந்துவிடாது. மறுபுறம், கையில் பணமும் மனத்தில் தனிமையுமாக நகர விடுதி ஒன்றில் தங்கியிருக்கும் இளைஞருக்குச் சம்பளம் மட்டுமே பாதுகாப்பாகவும் ஆகிவிடாது.

வெளிநாட்டு அனுபவங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. உகாண்டாவில் 'பிராக்' தொண்டு நிறுவனம் வளரிளம் பெண்களுக்கான மன்றங்களை அமைத்து, தொழிற்பயிற்சியையும் எச்.ஐ.வி. உள்ளிட்ட வாழ்க்கைக் கல்வியையும் சேர்த்தே வழங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வு செய்தபோது, அந்தப் பகுதிகளில் வருமானம் ஈட்டும் பெண்களின் விகிதம் 48 சதவீதம் உயர்ந்திருந்தது. பதின்வயதுக் கர்ப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தென் ஆப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், சிறுகடன் குழுக்களின் கூட்டங்களிலேயே எச்.ஐ.வி. மற்றும் பாலினச் சமத்துவப் பாடங்கள் நடத்தப்பட்டன. 2006-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, அப்பெண்கள் துணைவரால் தாக்கப்படுவது 55 சதவீதம் குறைந்தது.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அதே தென் ஆப்பிரிக்க ஆய்வில், ஆய்வுக் காலத்துக்குள் அக்கிராமங்களில் புதிய எச்.ஐ.வி. தொற்று குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. ஜிம்பாப்வேயில் பதின்வயதுப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்துத் தொடங்கிய முன்னோட்ட முயற்சி சரிவரவில்லை. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல், வியாபாரத்துக்காகப் பாதுகாப்பற்ற பயணங்களை அவர்கள் மேற்கொள்ள நேர்ந்தது. பின்னர் அத்திட்டம் கடனை விட்டுத் தொழிற்பயிற்சிக்கு மாறியது. இரண்டையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது என்பதே இதன் பாடம்.

சட்டம் இருக்கிறது; தெரிந்தவர் யார்?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்ட மசோதா 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. மூன்றாண்டுகள் காத்திருந்து, 2017 மார்ச் 21-ல் மாநிலங்களவையிலும், ஏப்ரல் 11-ல் மக்களவையிலும் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக்கக் கூடாது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலோ, கல்வியிலோ, வாடகை வீட்டிலோ பாகுபாடு காட்டக் கூடாது. ஒருவரது தொற்று நிலையை அவரது இசைவின்றி வெளியிடக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் புகார் அதிகாரி இருக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது.

இந்தச் சட்டத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? நியமனக் கடிதத்துடன் நகரத்துக்குப் புறப்படும் இளைஞரும், அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனமும்தான். இருவரும் சந்திக்கும் இடம் பயிற்சி மையம். அங்கே இச்சட்டம் ஒரு பாடமாக இல்லையென்றால், நாடாளுமன்றம் இயற்றியது ஏட்டளவில்தான் நிற்கும்.

பதினாறு மணி நேரத்தில் கற்பிக்க வேண்டியவை தெளிவானவை. தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது. அரசு மருத்துவமனைகளில் ரகசியமாகவும் இலவசமாகவும் பரிசோதனை செய்துகொள்ள முடியும் என்பது. 2017 முதல் தொற்று உறுதியான உடனேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது என்பது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது என்பது. ஊர் விட்டு ஊர் மாறினாலும் சிகிச்சையைத் தொடர வழி உண்டு என்பது. 1097 என்ற கட்டணமில்லா உதவி எண். இவற்றுடன், சம்பளத்தைச் சேமிப்பது, தங்குமிடம் தேர்வு செய்வது, மது, பாலியல் தொல்லை, இசைவு ஆகியவை பற்றிய பேச்சும் சேர வேண்டும். இவை அனைத்தும் அந்த இளைஞரின் ஒரே வாழ்க்கையின் பகுதிகள்தாம்.

தவிர்க்க வேண்டிய மூன்று தவறுகள்

முதலாவது, பயிற்சி மையத்தைப் பரிசோதனை மையமாக்குவது. கற்பிக்கும் இடத்தில் கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்தால், அது சட்டத்துக்கும் புறம்பானது. அடுத்த அணிக்கு ஆள் சேராமல் போவதற்கும் வழி. இரண்டாவது, முத்திரை குத்துவது. பயிற்சித் திட்டத்தின் விதிகள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு வயது வரம்பை 45 வரை தளர்த்துகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் அச்சலுகையைக் கோருபவர் தமது நிலையை ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தால், எத்தனை பேர் கோருவார்கள்? பதாகையும் தனி அணியும் இல்லாமல், அனைவருக்குமான பாடத்தில் இது ஒரு பகுதியாக இருந்தால் மட்டுமே தொற்றுள்ளவரும் தயக்கமின்றி அங்கே அமர முடியும். மூன்றாவது, டிசம்பர் 1-ல் ஓர் உறுதிமொழி, ஒரு பேரணி, ஒரு புகைப்படம் என்று முடித்துக்கொள்வது. தையல் இயந்திரத்தை இயக்கத் தெரியுமா என்று தேர்வு வைப்பதுபோல், இந்தப் பாடத்துக்கும் மதிப்பீடு இருக்க வேண்டும். பெண்களுக்குப் பெண் பயிற்றுநரே பேச வேண்டும். 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கிராமங்களில் இணைப்புப் பணியாளர்களாகப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களது அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இது ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் மட்டும் உரிய பிரச்னை அல்ல. திருப்பூர், கோவை ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பிற வடகிழக்குத் திசை மாநிலங்களிலிருந்தும் இதே திட்டத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களும் இளம்பெண்களும் வருகிறார்கள். அவர்கள் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள் என்பது தமிழகத்தின் அக்கறையும் ஆகும்.

நாடாளுமன்றத்தில் இத்திட்டம் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம், எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்கு வேலை என்று மாநிலவாரிப் பட்டியல் வைக்கப்படுகிறது. எய்ட்ஸ் பற்றிக் கேட்டால், எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்குச் சிகிச்சை என்று வேறொரு பட்டியல். ஊரக வளர்ச்சிக்கு ஒரு நிலைக்குழு, சுகாதாரத்துக்கு மற்றொரு நிலைக்குழு என்பதால், இரு பட்டியல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. வேலையில் சேர்ந்த ஓராண்டுக்குப் பிறகு அந்த இளைஞர் எங்கே, எந்த நிலையில் இருக்கிறார் என்று இரு குழுக்களில் ஒன்றேனும் கேட்கலாம்.

2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471 கோடி ரூபாய்க்கும் அதிகம். மேலே சொன்ன பதினாறு மணி நேரத்துக்கு அதில் சிறு துளியும் தேவைப்படாது. வகுப்பறை இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார், மாணவர் அமர்ந்திருக்கிறார். புதிய சட்டமோ, புதிய திட்டமோ, புதிய துறையோ வேண்டாம். இரு அமைச்சகங்களின் செயலர்கள் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு சுற்றறிக்கை போதும். அது வராதவரை, ஹைதராபாத் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் இளைஞரிடம் தொழில் கற்றதற்கான சான்றிதழ் இருக்கும். அந்த நகரத்தில் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.